மூவருக்கும் ஒரே ஓநாய்

அந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. விளையாட்டைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டிருந்தவர்களில் யாரோ ஒருவர், கருத்துச் சொல்லும் பெட்டியில் பெயர் போடாமல் எழுதிவிட்டுப் போயிருந்தார்: "காட்டு ஆளுங்க மூணு பேர் இருக்காங்களே, மூணு பேருக்கும் என்னதான் வித்தியாசம்?"

கணினி விளையாட்டு செய்கிற கம்பெனி அது. ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. பல்லைக் குடைகிற சத்தம் தரை வழியாக ஏறி வந்து நாற்காலிக் கால்களில் அதிரும். விளையாட்டில் வருகிற பூதத்தின் அலறல் கீழ்மாடியில் பதிவு செய்யப்பட்டது என்று ஒரு வதந்திகூட உண்டு.

அவர்கள் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தது வாள், மந்திரம், பூதம் எல்லாம் உள்ள ஒரு மாய உலகம். விளையாட வருகிறவர் முதலில் தான் யாராக இருக்கப்போகிறார் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்: வாள்வீரனா, மந்திரவாதியா, திருடனா என்று. அதற்குக் கம்பெனியில் 'கிளாஸ்' என்று பெயர். இருந்த ஏழு கிளாஸில் மூன்று காட்டைச் சேர்ந்தவை. மரத்தடியில் தவமிருந்து, வேண்டும்போது மிருகமாக உருமாறுகிறவன் மரமுனி. வில்லோடு அலைந்து தடம் பார்க்கிறவன் காடோடி. காட்டு ஆவிகளை அழைத்து ஆடுகிறவள் ஆவியாடி.

சொல்லக் கேட்டால் மூன்றும் வேறு வேறு மாதிரித்தான் இருக்கும். விளையாடிப் பார்த்தால் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். மூன்று பேரும் எதிரியின் காலில் கொடியைச் சுற்றுவார்கள். மூன்று பேரும் பச்சிலை வைத்துக் காயம் ஆற்றுவார்கள். மூன்று பேரும் ஆபத்தென்றால் விசிலடித்து ஓநாயைக் கூப்பிடுவார்கள். அந்த ஓநாயும் ஒன்றுதான். இணையக் கடையில் தள்ளுபடியில் வாங்கிய ஒற்றை ஓநாய். மரமுனிக்கு அதைப் பழுப்பாக்கினார்கள், காடோடிக்குச் சாம்பலாக்கினார்கள், ஆவியாடிக்கு மேலே கொஞ்சம் நீலப் புகை விட்டார்கள்.

"இங்க முதலாளி தொழிலாளின்னு யாரும் கிடையாது, நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று முதலாளி அடிக்கடி சொல்வார். பாதி உண்மை. பாதிப் பேர் அவருடைய குடும்பம்தான். சம்பளமும் விடுப்பும் பார்த்தவர் அவர் மனைவி, எல்லோருக்கும் மேடம். மேடத்தின் தம்பிதான் மரமுனியை உருவாக்கியவர். நேரில் அவரைச் 'சின்ன சார்' என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் 'மச்சினர்'. முதலாளியின் மச்சினன் என்பதில் கடைசி எழுத்தை மரியாதைக்காக மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

காடோடியை உருவாக்கியவருக்கு வில்லன் என்று பெயர். வில்லை வைத்தே வேலை பார்த்ததால் வந்த பெயர். ஆள் பரம சாது. எல்லாக் கிளாஸுக்கும் எண்களைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்கிற பெண்மணி தராசு. ஆவியாடி அவருடைய சொந்தப் படைப்பு. ஆவி என்று எழுதிக் கொடுத்ததைப் படம் வரைகிறவர் தப்பாகப் புரிந்துகொண்டு, தலையிலிருந்து குக்கர் மாதிரி நீராவி வருகிற ஒருத்தியை வரைந்து கொடுத்தபோது தராசு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

நாலாவது ஆள் எழுதுகிற பெண். பாத்திரங்கள் பேசுவது, பொத்தானின் மேல் இருப்பது, கதவில் தொங்குவது என்று அந்த உலகத்தில் எழுத்தாக எது இருந்தாலும் அவள் எழுதியதுதான். அவளை எல்லோரும் 'வசனம்' என்று கூப்பிட்டார்கள். 'வசனம், இந்தப் பூதம் சாகிறப்ப ஏதாவது சொல்லணுமே' என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவள் எழுதியதை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

திங்கள்கிழமை காலை அந்தக் கேள்வியோடு முதலாளி கூட்டம் போட்டார். கூட்டம் நடக்கிற கண்ணாடி அறையில், மனதுக்கு உற்சாகம் தரட்டும் என்று சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் கொடி படரவிட்டிருந்தார்கள். அதன்மேல் இரண்டு வருடத் தூசி. மச்சினர் அதன் பக்கத்தில்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் தும்முவார்.

"சரி, சொல்லுங்க. மரமுனி யாரு?" என்றார் முதலாளி.

மச்சினர் கண்ணை மூடினார். பேசுவதற்கு முன்னால் அவர் கண்ணை மூடுவார். கேட்பவர்கள் சற்று நேரம் கழித்து மூடுவார்கள். "மாமா, மரமுனி காட்டை உணர்றவன். காடு வேற, அவன் வேற இல்ல."

"காடோடி?"

"காட்டை அறிஞ்சவன் சார்" என்றார் வில்லன்.

"உணர்றதுக்கும் அறியறதுக்கும் என்னய்யா வித்தியாசம்?"

வில்லன் யோசித்தார். "உணர்றவன் உட்கார்ந்திருப்பான் சார். அறிஞ்சவன் நடந்துகிட்டிருப்பான்."

"ஏன், உட்கார்ந்தவனுக்கு அறிவு கிடையாதா?" என்று மச்சினர் கண்ணைத் திறந்தார்.

முதலாளி கையமர்த்தினார். "ஆவியாடி?"

"காட்டோட பேசுறவ" என்றார் தராசு.

"காடு பதில் பேசுமா?"

"இருபதாவது லெவலுக்கு மேல பேசும்."

"அதுக்கு முன்னால?"

"இவ மட்டும் பேசிட்டிருப்பா."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. இந்த விளையாட்டுக்குப் பணம் போட்ட பெரிய மனிதர் அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டாராம். மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தூக்கிவிடலாமே என்கிறாராம். கிளாஸ் போனால் அதைச் செய்தவருக்கு என்ன வேலை மிச்சம் என்று அங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழே பல்லைக் குடைகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"தூக்க வேண்டாம்னு நான்தான் தடுத்து வெச்சிருக்கேன்" என்றார் முதலாளி. "ஆனா வித்தியாசம் தெரியணும். ஏம்மா வசனம், ஆளுக்கு ஒரு வரி எழுது. ஒரே வரி. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். என் மாமியார் படிச்சாலும் புரியணும்."

"அம்மாவை எதுக்கு மாமா இழுக்கறீங்க?" என்றார் மச்சினர்.

அன்றுமுதல் வசனத்துக்குத் திடீர் மவுசு வந்தது. இரண்டு வருடமாக அவள் மேசைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் காபியோடு வந்தார்கள்.

முதலில் வந்தவர் மச்சினர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இயற்கை என்றால் என்ன என்று தொடங்கினார். காபி ஆறியது. பக்கத்து மேசைக்காரர் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அப்போதும் மச்சினர் வேர்களைத் தாண்டித் தண்டுக்கு வந்திருக்கவில்லை. எழுந்து போகும்போது, "எங்க அக்கா உன்னைப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்லிட்டிருக்கா. அது அப்படியே இருக்கட்டும்" என்றார். புன்னகையோடுதான் சொன்னார்.

அடுத்து தராசு. அவர் காபி கொண்டுவரவில்லை. "இங்க பாரு, என் ஆவியாடியோட கொடி காலைச் சுத்தி நிக்கிற நேரம் மத்த ரெண்டு பேர் கொடியைவிட அரை விநாடி அதிகம். இதைவிட வித்தியாசம் என்ன வேணும்?"

"அரை விநாடி யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றார் தராசு, கண் கலங்க. அந்த அரை விநாடிக்காக அவர் ஒரு மாதம் உழைத்திருந்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

வில்லன் அவளை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டுப் போனார். முழங்கால்வரை ஏறுகிற காட்டு பூட்ஸ் போட்டிருந்தார். அலுவலகத்துக்கும் அதைத்தான் போட்டு வருவார். "மத்தவங்க எல்லாம் படிச்சுட்டுப் பேசுறாங்க. நான் அப்படியில்ல. நான் வெளியில வாழற ஆள்" என்று ஆரம்பித்தபோது ஒரு தேனீ அவர் காதோரம் வந்தது. வெளியில் வாழ்கிற ஆள் படிக்கட்டுக் கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டார். வசனம் மாடியில் நின்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து, "போயிடுச்சா?" என்று குரல் வந்தது.

அவள் மூன்று நாள் வேறு எதையும் தொடாமல் விளையாடினாள். மரமுனியாகப் போய் ஒரு பூதத்தைக் கொன்றாள். காடோடியாகப் போய் அதே பூதத்தை அதே மாதிரி கொன்றாள். ஆவியாடியாகப் போனபோது பூதத்துக்கே அலுத்துவிட்டதுபோல் இருந்தது. வித்தியாசம் என்று எதை எழுதினாலும் பொய். 'காட்டின் காவலன்' என்று எழுதினாள். மூவருக்கும் பொருந்தியது. அழித்தாள். 'இயற்கையின் குழந்தை' என்று எழுதி, தன் மேலேயே கோபம் வந்து அதையும் அழித்தாள். இதில் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கடைவாய்ப் பல்லும் வலியில் தெறித்தது.

திரையில் எழுத்துக்கு இருக்கிற கட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நிஜ வரி வருகிறவரை ஏதாவது ஒன்றை எழுதி இடம் பிடித்து வைப்பது வழக்கம். பல்வலியோடும் எரிச்சலோடும் அவள் இடம் பிடித்தாள்.

மரமுனி: காட்டைப் பற்றிப் பேசுவான். கேட்டுத் தொலைக்க வேண்டும்.

காடோடி: காட்டில் வாழ்கிறான். வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆவியாடி: காட்டோடு பேசுவாள். காடு இதுவரை பதில் சொன்னதில்லை.

கட்டத்தில் இன்னும் இடமிருந்தது. அடியில் ஒன்று சேர்த்தாள்: ஓநாய் மூவருக்கும் ஒன்றுதான். ஒரு சம்பளம்கூட இல்லாமல் மூன்று வேலை பார்க்கிறது.

வலி காது வரைக்கும் ஏறியது. கீழே இறங்கிப் பல் மருத்துவரிடம் காட்டினாள். அவர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, எடுத்துவிடலாம் என்றார். எடுத்தார்.

அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டு, பாதி முகம் மரத்துப்போய் மேலே வந்தபோது மச்சினர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். சோதனைக்காரர்களுக்குப் புதுப் பதிப்பை ஏற்றி அனுப்புகிறது அவர் பொறுப்பு. "வரி எல்லாம் வந்துடுச்சுன்னு பார்த்தேன். ஏத்தியாச்சு" என்றார்.

"ழடிச்சீங்களா?" என்றாள் வசனம்.

"என்ன?"

"ழடிச்சுப் ழாத்தீங்களா?"

"என்ன சொல்றே? பல் பிடுங்கினியா? பேசாதே, பேசாதே, ரத்தம் வரும்" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுப் போனார். வரி இருக்கிறதா என்றுதான் அவர் பார்த்தார். அது என்ன வரி என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வசனம் போனைத் தொடவில்லை. வேறு வேலை எங்கே கிடைக்கும் என்று யோசித்தாள். திங்கள்கிழமை வந்து பார்த்தால் கருத்துப் பெட்டி நிரம்பி வழிந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதைவிட வியப்பு, எல்லோரும் அந்த வரிக்கு ஏற்ற மாதிரி ஆடத் தொடங்கியிருந்தார்கள். மரமுனியை எடுத்தவர்கள் பூதம் எதிரில் நிற்கும்போதும் அரட்டைப் பெட்டியில் மரம் செடி கொடி பற்றிப் பிரசங்கம் செய்தார்கள். கூட வந்தவர்கள் 'தொலைக்கிறோம், சொல்லு' என்று பதில் போட்டார்கள். காடோடிகள் ஊருக்குள் வர மறுத்து, கோட்டைவாசலுக்கு வெளியே கூட்டமாகத் தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆவியாடிகள் ஒவ்வொரு மரத்திடமும் போய்க் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஓநாய்க்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லி ஒரு கூட்டமே கையெழுத்துப் போட்டிருந்தது.

விளையாட்டில் ஓர் எண்கூட மாறவில்லை. அதே கொடி, அதே பச்சிலை, அதே ஓநாய். ஆனால் 'இப்பத்தான் மூணு பேருக்கும் வித்தியாசம் தெரியுது' என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். மரமுனியின் ஓநாய் மற்ற ஓநாய்களைவிட ஆழமாகக் கடிக்கிறது என்று ஒருவர் சத்தியம் செய்தார். தராசு அதைப் படித்துவிட்டு, தன் எண்களை முதலிலிருந்து சரிபார்த்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவரே வசனத்தின் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, "மத்த ரெண்டு வரியும் பிரமாதம். அந்த ரெண்டு பேரையும் அப்படியே உரிச்சு வெச்சுட்டே. என்னோடதை மட்டும் மாத்திடேன். நான் பேசினா யாரும் பதில் சொல்றதில்லைன்னு குத்திக்காட்டற மாதிரி இருக்கு."

"உங்களைச் சொல்லலையே, ஆவியாடியைத்தானே..."

"சரி விடு. மாத்திடு."

வசனம் பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து மச்சினர் வந்தார். அவருக்கு யாரோ படித்துக் காட்டியிருந்தார்கள். "மத்த ரெண்டும் ரொம்பச் சரி. தராசு விஷயத்துல எல்லாம் நீ கை வெச்ச இடம் கரெக்ட். ஆனா மரமுனி வரியில ஆழம் இல்ல. அவன் பேசுறான்னு சொல்றியே, எதைப் பேசுறான்னு பார்க்க வேண்டாமா? இப்ப காடுன்னா என்ன? முதல்ல வேர்..." அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பல் பிடுங்கிய இடம் மறுபடி வலிக்கத் தொடங்கியது.

வில்லன் மட்டும் வரவில்லை.

சாயங்காலம் அவளே அவரைத் தேடிப் போனாள். பழைய கணினிகளை அடுக்கி வைத்திருக்கிற பின்னறையில் இருப்பதாகச் சொன்னார்கள். கதவைத் தட்டிவிட்டுத் தள்ளினாள். பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மெத்தை கிடந்தது. உடைந்த திரை ஒன்றின் மேல் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் பல் துலக்குகிற பிரஷ், சோப்புப் பெட்டி, சின்னக் கண்ணாடி. வில்லன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மெத்தையில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் இல்லாமல் அவர் பாதி உயரமாகத் தெரிந்தார்.

"அண்ணா... எத்தனை நாளா?"

"மழை ஆரம்பிச்சதிலேர்ந்து" என்றார். "மேடத்துக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. சத்தியமா தெரியாதுண்ணா. சும்மா வாய்க்கு வந்ததை எழுதினேன்."

அவர் அதை நம்ப முயன்றார். "நெஜமாவே தெரியாதா?"

"தெரிஞ்சா எழுதுவேனா? இப்பவே மாத்திடறேன்."

"வேண்டாம்." சோப்புப் பெட்டியை எடுத்து மூடித் திறந்தார். "என் பொண்டாட்டி போன்ல கூப்பிட்டா. இத்தனை நாளும் கூப்பிடலை. எங்கேயோ அந்த வரியைப் பார்த்திருக்கா. 'நான் உன்னை வீட்டை விட்டுத் துரத்தின மாதிரி ஊரெல்லாம் எழுதி வெச்சிருக்கியா'ன்னு ஒரே சண்டை. நான் எழுதலைன்னு சொன்னா நம்பலை. அரை மணி நேரம் திட்டினா."

"ஐயோ."

"அதில்ல. அரை மணி நேரம் பேசினாளே" என்றார் வில்லன். "கடைசியா ரெண்டு பேரும் ஒண்ணு ஒத்துக்கிட்டோம். தனியா ஒரு ரூம் பார்த்துக்கோன்னா. கம்ப்யூட்டர் குப்பைக்கு நடுவுல கெடக்காதேன்னா. சேர்ந்து இருக்கறது ஆகாதாம். சரின்னுட்டேன்."

நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. கிண்டலுக்குக் கல்லை எறிகிறவள் அது யார் மேல் விழுகிறது என்று பார்த்து எறிய வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த நாளே மறந்தும் போனாள். ஏனென்றால் அடுத்த நாள்தான் பணம் போட்ட பெரிய மனிதர் பேச வந்தார்.

கண்ணாடி அறையின் பெரிய திரையில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. முதலாளி புதுச் சட்டையில் இருந்தார். பக்கத்தில் மேடம், அவருக்குப் பக்கத்தில் கொடியோரம் மச்சினர், பிறகு தராசு, வில்லன், வசனம். எப்படியும் சீட்டுக் கிழியும் என்று வசனம் தன் மேசையைக் காலையிலேயே ஒழித்து வைத்திருந்தாள்.

"யாரையும் தூக்க வேண்டாம். மூணும் இருக்கட்டும்" என்றது திரையிலிருந்த முகம். "நான் சிரிச்சு வருஷக்கணக்காச்சு. அந்த 'கேட்டுத் தொலைக்கணும்' இருக்கே! யார் மூளை அது?"

வசனம் மெல்ல நிமிர்ந்தாள். அதற்குள் முதலாளி நிமிர்ந்துவிட்டார்.

"ஐடியா என்னோடது சார்" என்றார். "ஐடியா மட்டும்னு சொல்லக்கூடாது. ஒவ்வொரு வார்த்தையும் நான்தான் உட்கார்ந்து சொன்னேன். இந்தப் பொண்ணு டைப் அடிச்சா. நல்லா அடிக்கும். இல்லையாம்மா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இரண்டு வருடமாகப் பூதங்கள் சாகிறபோது சொல்வதற்கு வார்த்தை தேடிக் கொடுத்தவள் அவள். தனக்கு வேண்டிய வார்த்தை அன்று தேடாமலே வந்தது.

"ஆமா சார்" என்றாள் பணிவாக. "எல்லாம் சார் சொன்னதுதான். மரமுனி வரியை நான் கொஞ்சம் தயங்கினேன். சின்ன சார் மனசு கஷ்டப்படுமேன்னு. சார்தான், 'அவன் வாயைத் திறந்தா கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கு, இத்தனை வருஷமா நான் படற பாடு எனக்குத்தான் தெரியும், எழுதும்மா'ன்னு தைரியம் சொன்னாங்க."

பெரிய மனிதர் திரையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கெட்டது.

மச்சினர் கண்ணை மூடாமல் பேசியது அன்றுதான். "மாமா. நீங்களா சொன்னீங்க?"

"மச்சான், அது வந்து..."

"என்னைத் தொலைக்கணும்னா?"

"கேட்டுத் தொலைக்கணும்னுதான்" என்றார் முதலாளி. சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது.

மேடம் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்தபடி, ரொம்ப நிதானமாக, "மாமியார் படிச்சாலும் புரியணும்னு சொன்னீங்களாமே. அம்மாவுக்கு நேத்து ராத்திரியே நான் படிச்சுக் காட்டினேன். நல்லாவே புரிஞ்சுது. யார் எழுதினதுன்னுதான் கேட்டுட்டிருக்காங்க. சாயங்காலம் நீங்களே வந்து சொல்லிடுங்க" என்றார்.

அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள் அன்று என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மறுநாள் முதலாளி முகச் சவரம் செய்யாமல், பழைய சட்டையில், ஹோட்டல் பொட்டலத்தோடு தனி ஆட்டோவில் வந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. அடுத்த நாளும் பொட்டலம். மூன்றாம் நாள், மேடமும் மச்சினரும் பக்கத்தில் நிற்க, பெரிய மனிதரைப் போனில் கூப்பிட்டு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, அன்றைக்குக் கொஞ்சம் வாய் தவறிவிட்டது, ஒரு வார்த்தைகூடத் தன்னுடையது இல்லை, எல்லாம் அந்தப் பெண் தானாகவே எழுதியது என்றார். தன் மூளைக்கும் அந்த வரிகளுக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிக்க ஒரு முதலாளி அவ்வளவு பாடுபட்டதை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு பேரை முதல் திரையில போடுங்க" என்றார் பெரிய மனிதர். போட்டார்கள். எழுத்து கொஞ்சம் சின்னது. இருந்தாலும் கண்ணாடி போடாமல் படிக்கலாம்.

மச்சினர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த வாரம்தான் அந்தக் கம்பெனியில் அதிக வேலை நடந்த வாரம். பிறகு, எல்லாக் கிளாஸையும்விட மரமுனியைத்தான் அதிகம் பேர் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவராகவே வந்து, "ஒண்ணு சொன்னா கேளு, அந்த வரியை நான் சொல்லித்தான் நீ எழுதினேன்னு வெளியில சொல்லிக்கலாமா?" என்று கேட்டார். அவள், "உங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றாள். தராசு, ஆவியாடியின் கொடிக்கு மேலும் அரை விநாடி கூட்டிவிட்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் வில்லனுக்கு அறை கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மெத்தையைத் தூக்க வசனம் கூடப் போனாள். மெத்தை திருப்பத்துக்குத் திருப்பம் சிக்கியது. ஒவ்வொரு தளத்திலும் அதன்மேல் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். மேலே வீட்டுக்காரர் சாவியோடு நின்றிருந்தார். உடற்பயிற்சி செய்து முறுக்கேறிய, சந்தேகம் பிடித்த மனிதர்.

"குடும்பம்?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றார் வில்லன். "வேற இடத்துல."

வீட்டுக்காரர் வசனத்தைப் பார்த்தார். "நான் கூட வேலை பார்க்கிறவ" என்றாள் அவசரமாக.

"என்ன வேலை?"

மூச்சிரைப்பில் வில்லனுக்கு நீளமாகப் பேச வரவில்லை. "கேம்" என்றார்.

வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. "அட, ப்ளேயரா? எந்த டீம்?"

வில்லன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. வீட்டுக்காரர் அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். மலர்ந்த முகத்தில் மெதுவாகச் சந்தேகம் திரும்பி வந்தது.

"இப்போதைக்கு வெளியில உட்கார வெச்சிருக்காங்க" என்றார் வில்லன்.

"பரவாயில்ல, பரவாயில்ல, கூப்பிடுவாங்க" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் மெத்தையின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டார்.